பலகை மாடியைக் கழட்டாதீங்க, டைல்ஸ் நிக்கும்!

மரத் தளத்துக்கு மேல டைல்ஸ் நிக்காதாம்.

"பலகையெல்லாம் கழட்டி எறிஞ்சிட்டு, கம்பி கட்டி கொங்கிறீட் போட்டுருங்க. அப்புறம் எதை வேணும்னாலும் ஒட்டலாம்." மேல்மாடி பாத்ரூமுக்கு டைல்ஸ் போடணும்னு வாயைத் திறந்ததுல இருந்து, பார்க்கிறவங்க எல்லாம் இதையேதான் சொன்னாங்க. ஹார்ட்வெயார்ல சொன்னாங்க. பக்கத்து வீட்டுல சொன்னாங்க. கல்யாண வீட்டுப் பந்தியில கூட ஒருத்தர் இலையை விட்டுட்டு இதைச் சொன்னாரு!

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்ல.

அது தாத்தா காலத்து மாடி. கீழே பெரிய உத்திரம், அதுக்குக் குறுக்கே வரிசையா சட்டம், மேல தேக்குப் பலகை. பேராதனையில கன்னொருவ பக்கம், மகாவலிக் காத்து வீசுற இடத்துல இத்தனை வருஷமா நிக்குது. ஒரு கறையான் கூட வாய் வைக்கல. அதைப் போய் கழட்டச் சொன்னா?

அதனால நான் ஒரு முடிவு எடுத்தேன். "நிக்காது"ன்னு சொல்றவங்க கிட்ட, "ஏன் நிக்காது?"ன்னு கேட்கிறது. காரணம் தெரிஞ்சா, அதுக்கு மருந்து இருக்கான்னு தேடலாம் இல்லையா.

காரணம் இருக்கு. மருந்தும் இருக்கு. இப்போ அந்தத் தளத்துல டைல்ஸ் இருக்கு. ஐப்பசி கார்த்திகை மழையும் பார்த்தாச்சு, மாசிப் பனிக்கு அப்புறம் வர்ற வெயில் காய்ச்சலும் பார்த்தாச்சு. ஒரு கீறல் இல்ல. தட்டிப் பார்த்தா ஒரு இடத்துல கூட வெத்துச் சத்தம் இல்ல. அந்தச் சந்தோஷத்துலதான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

(டீ எடுத்துட்டு வந்து உட்காருங்க.)

இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, நான் இந்தப் பாத்ரூமோட மல்லுக்கட்டிக்கிட்டிருந்த அதே நேரத்துல ஸ்காபரோவுல இருக்கிற என் தம்பி போன் பண்றான்.

"அக்கா, மேல் பாத்ரூம் தரைக்கு அடியில சூடு போடப் போறேன். டைல்ஸுக்குக் கீழே கரண்ட் வயர் ஓடும். காலையில வெறுங்காலோட போகலாம்."

"அங்க உன் தரை என்னடா?"

"மரம்தான். குறுக்குச் சட்டம், மேல பிளைவூட். கனடாவுல வீடெல்லாம் இப்படித்தானே."

நான் சிரிச்சிட்டேன். பேராதனையில ஒரு அக்கா, ஸ்காபரோவுல ஒரு தம்பி, ரெண்டு பேருக்கும் ஒரே தலைவலி. அவனுக்கு எதிரி சூடு, எனக்கு எதிரி ஈரம். அப்படித்தான் நாங்க ரெண்டு பேரும் முதல்ல நினைச்சோம். கொஞ்சம் படிச்சுப் பார்த்த பிறகுதான் தெரிஞ்சுது, ரெண்டு பேருக்கும் எதிரி ஒண்ணேதான்.

எப்படின்னு சொல்றேன்.

உங்க வீட்டு முன்கதவை நினைச்சுப் பாருங்க. மழைக்காலத்துல இறுகும், தோளால இடிச்சுத் திறக்கணும். ஜனவரி, பெப்ரவரியில லேசா ஆடும். கதவு வெயிலுக்கு விரியல. ஈரத்தைக் குடிச்சு விரியுது, காய்ஞ்சு சுருங்குது. மரத்தோட குணமே அதுதான். நீளவாட்டுல அசையவே அசையாதுன்னு சொல்லலாம். அகலவாட்டுல அசையும். 6 அங்குலத் தேக்குப் பலகை ஒண்ணு, மழைக்கும் காய்ச்சலுக்கும் நடுவுல ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் போய் வரும். தேக்கு இதுல நல்ல பிள்ளை. மத்த மரங்கள் பலதும் இதை விட அதிகமாவே ஆடும்.

இப்போ டைல்ஸைப் பாருங்க. எட்டடி நீளத் தளம், சூடு 15 டிகிரி கூடுதுன்னு வச்சுக்குவோம். முழு எட்டடிக்கும் சேர்த்து டைல்ஸ் விரியிறது கால் மில்லிமீற்றர்!

ஒரே ஒரு பலகை ஒரு மில்லிமீற்றர். முழுத் தளத்து டைல்ஸ் கால் மில்லிமீற்றர்.

இங்கேதான் முழுக் கதையும் இருக்கு. ரெண்டு பலகை சேர்ற இடுக்கு மேல ஒரு டைல்ஸை நேரா ஒட்டினா, அந்தப் பலகை ஒரு பக்கம் போகும், இந்தப் பலகை மறுபக்கம் போகும். நடுவுல மாட்டினது டைல்ஸ். அதனாலதான் பழைய மரத் தளங்கள்ல டைல்ஸ் வெடிக்கும்போது கண்டபடி வெடிக்காம, கோடு போட்ட மாதிரி பலகை இடுக்கு வழியாவே நேரா வெடிக்குது. "டைல்ஸ் சரியில்ல, பசை சரியில்ல"ன்னு திட்டுறோம். தப்பு அடியில இருக்கு.

தம்பி வீட்டுல என்ன நடக்கும்? அடியில சூடு போட்டா டைல்ஸ் விரியிறது ஒண்ணும் பெரிய விஷயமில்ல. சூடு மரத்தைக் காய வைக்கும். அதுதான் விஷயம். கனடா குளிர்காலத்துல வீட்டுக்குள்ள ஹீட்டர் ஓடி ஓடி காத்து வறண்டு போகும். காத்துல ஈரப்பதம் 30 வீதம் அளவுக்கு இறங்கினா, மரத்துக்குள்ள இருக்கிற ஈரம் 6 வீதம் அளவுக்கு வந்துரும். நம்ம ஊர்ல மழை நாட்கள்ல காத்து ஈரம் 80 வீதத்தைத் தாண்டும், மரமும் 16 வீதம் வரைக்கும் குடிக்கும். அவனுக்கு மரம் காயுது, எனக்கு மரம் ஊறுது. அவன் தரையை ஆட்டுறதும் ஈரம்தான், என் தரையை ஆட்டுறதும் ஈரம்தான்.

தரைக்கு அடியில சூடு போடுறது புது யோசனை இல்லைங்க. ரோமாக்காரங்க குளியல் மண்டபத்துல செங்கல் தூண் வச்சுத் தரையைத் தூக்கி, அதுக்கு அடியில சூடான புகையை ஓட விட்டாங்க. கொரியாவுல 'ஒண்டோல்'னு சொல்றாங்க. அடுப்புச் சூடு, தட்டைக் கல்லுக்கு அடியில ஓடும். மேல மண் பூச்சு, அதுக்கு மேல எண்ணெய் பூசின காகிதம். 2018ல அதைத் தங்களோட தேசிய மரபுரிமையா அறிவிச்சுட்டாங்க. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃப்ராங்க் லொயிட் ரைட், ஜப்பான்ல ஒரு கொரிய அறையில உட்கார்ந்து அந்தச் சூட்டை அனுபவிச்சவரு. 1937ல விஸ்கொன்சின்ல கட்டின ஜேக்கப்ஸ் வீட்டுல தரைக்கு அடியில குழாய் ஓட விட்டாரு.

கவனிச்சீங்களா? ரோமா, கொரியா, ரைட் எல்லாருமே கல்லு, மண்ணு, கொங்கிறீட். மரச் சட்டத்துக்கு மேல சூடு, சூட்டுக்கு மேல டைல்ஸ்ங்கிற சேர்க்கைக்கு அந்த வழியில தாத்தா பாட்டி கிடையாது. அதனாலதான் அது இவ்வளவு அடம் பிடிக்குது.

சரி, தத்துவம் போதும். வேலைக்கு வருவோம்.

முதல் வேலை டைல்ஸ் இல்ல, ஆட்டம்.

கம்பளையில இருந்து ஒரு தச்சு பாஸ் வந்தாரு. வயசானவர், பேச்சு குறைவு. வந்ததும் தளத்து நடுவுல ஒரு கிளாஸ்ல தண்ணி நிரப்பி வச்சாரு. பக்கத்துல போய் குதிகாலைத் தூக்கி "தொம்"னு வச்சாரு. தண்ணி தளும்பி வெளியே வந்துருச்சு.

"பாத்தீங்களாம்மா? இந்த ஆட்டத்தை நிப்பாட்டாம டைல்ஸ் பேச்சே எடுக்காதீங்க."

அவர் சொன்னதைத்தான் வெளிநாட்டு நூல்கள் கணக்காப் போட்டு வச்சிருக்கு. சட்டத்தோட நீளத்தை 360ஆல வகுக்கணும். பாரம் ஏறும்போது அதுக்கு மேல தொய்யக் கூடாது. 12 அடிச் சட்டம்னா சுமார் 10 மில்லிமீற்றர். மாபிள், கருங்கல் மாதிரி இயற்கைக் கல்லு போட்டா 720ஆல வகுக்கணும், அதாவது பாதிதான் அனுமதி. கல்லு வளையாது, உடையத்தான் தெரியும்.

தொய்வைக் குறைக்கிறது எப்படி? சட்டத்தோட உயரம்தான் எல்லாம். உயரம் ரெட்டிப்பானா விறைப்பு எட்டு மடங்கு. அகலம் ரெட்டிப்பானா விறைப்பு ரெண்டு மடங்குதான். உயரத்தை நம்மளால கூட்ட முடியாது, கீழே சீலிங் இருக்கு. அதனால பாஸ் பழைய சட்டங்களோட பக்கத்துல புதுச் சட்டம் சேர்த்து போல்ட் போட்டு இறுக்கினாரு. சட்டத்துக்கும் சட்டத்துக்கும் நடுவுல குறுக்குக் கட்டைகளை இறுக்கமா அடிச்சாரு. இதனால ஒரு சட்டத்து மேல விழுற பாரம் பக்கத்துச் சட்டங்களுக்கும் பங்கு போகுது.

அப்புறம் மறுபடியும் அதே கிளாஸ், அதே தொம். தண்ணி நடுங்குச்சு, தளும்பல. பாஸ் ஒரு வெத்திலை போட்டுக்கிட்டாரு. (அவர் பாஷையில அது சான்றிதழ்!)

அடுத்து பாரம்.

நம்ம ஊர் வழக்கம் என்ன? மணலும் சீமெந்தும் கலந்து ரெண்டு அங்குலத்துக்குக் கொட்டி, மேல சீமெந்துப் பால் ஊத்தி, டைல்ஸை வச்சு ரப்பர் சுத்தியலால தட்டுறது. கீழ்த் தளத்துல அது அருமையான முறை. மாடிப் பலகை மேல அது கொடுமை! ரெண்டு அங்குலச் சாந்து, ஒரு சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 100 கிலோ. நூறு சதுர அடிப் பாத்ரூமுக்கு கிட்டத்தட்ட ஒரு டன். டைல்ஸைத் தொடுறதுக்கு முன்னாடியே! இதைப் பார்த்துத்தான் "மரம் தாங்காது"ன்னு சொல்றாங்க. மரம் மேல ஒரு டன்னைக் கொட்டினது யாரு?

அதனால மெல்லிய முறைதான். என்னோட அடுக்கு இதுதான், கீழே இருந்து மேல வர்றேன்.

தேக்குப் பலகை. ஆணி தளர்ந்த இடமெல்லாம் ஸ்குரூ போட்டுச் சட்டத்தோட இறுக்கினோம். நடந்தா ஒரு கிறீச் சத்தம் கூட இருக்கக் கூடாது.

அதுக்கு மேல 18 மில்லிமீற்றர் பிளைவூட், தண்ணிக்குத் தாங்குற வகை. பிளைவூட்ல மரத் தாள்களைக் குறுக்கும் நெடுக்குமா ஒட்டியிருக்காங்க. ஒரு தாள் விரியப் பார்த்தா அடுத்த தாள் பிடிச்சு வைக்கும். அதனால பலகை மாதிரி அகலவாட்டுல ஆடாது. தட்டுக்கும் தட்டுக்கும் நடுவுல, சுவர் ஓரத்துல, ரெண்டு மூணு மில்லிமீற்றர் இடைவெளி விட்டோம். பிளைவூட் மூட்டு, பலகை இடுக்குக்கு நேரா வராம பார்த்துக்கிட்டோம்.

அதுக்கு மேல சீமெந்து நார்த் தட்டு. பசை தடவி, ஸ்குரூ போட்டது.

அதுக்கு மேல தண்ணி புகாத ரப்பர் கலந்த சீமெந்துப் பூச்சு, ரெண்டு கோட். மூலைகள்ல துணிப் பட்டி வச்சு, சுவர்ல ஓரடிக்கு ஏத்தினோம். காய்ஞ்ச பிறகு குழாய் வாயை அடைச்சுத் தண்ணி நிரப்பி ஒரு முழு நாள் விட்டோம். கீழே சீலிங்ல ஒரு பொட்டு ஈரம் கூட இல்ல. (மாடியில மர பாத்ரூம் வச்சிருக்கிறவங்க இந்த ஒரு சோதனையை மட்டும் யார் அவசரப்படுத்தினாலும் விட்டுறாதீங்க. தயவு செஞ்சு.)

கடைசியா பசை, டைல்ஸ்.

பசையைப் பத்திக் கொஞ்சம் பேசியே ஆகணும். வெறும் சீமெந்துல போர்சலின் டைல்ஸ் ஒட்டாது. அந்த டைல்ஸ் தன் எடையில அரை வீதத்துக்கு மேல தண்ணி குடிக்காது. சீமெந்துப் பால் உள்ளே இறங்கிப் பிடிக்க அதுல துவாரமே இல்ல. பொலிமர் கலந்த பசை வேணும். பையில 'சி2'ன்னு போட்டிருக்கும். அதோட 'எஸ்1' இருக்கான்னு பாருங்க. எஸ்1ன்னா, காய்ஞ்ச பசைப் பட்டை ரெண்டரை மில்லிமீற்றராவது வளைஞ்சு கொடுக்கும், உடையாது. எஸ்2ன்னா அஞ்சு மில்லிமீற்றர், இல்ல அதுக்கும் மேல. மரத் தளத்துக்கு இந்த எழுத்துத்தான் உயிர்.

ஒரு கடையில, "எல்லாப் பசையும் ஒண்ணுதான் மிஸ், விலை குறைஞ்சதை எடுத்துட்டுப் போங்க"ன்னு சொன்னாங்க. நான் நம்பல. வீட்டுக்கு வந்து மிஞ்சின பிளைவூட் துண்டுகள்ல ஒவ்வொரு வகைப் பசையா டைல்ஸ் ஒட்டி, பின் முற்றத்துல வெயிலும் மழையும் படுற இடத்துல சாத்தி வச்சேன். அதுல வெறும் சீமெந்தும் ஒண்ணு. வந்தவங்க எல்லாம் இது என்ன கண்காட்சின்னு கேட்டாங்க.

வெறும் சீமெந்துத் துண்டு முதல் மழை, முதல் வெயிலுக்கே டைல்ஸை அலுங்காம கையில கொடுத்துருச்சு. சாதாரணப் பசை கொஞ்ச நாள் நின்னு ஓரத்துல வாய் திறந்துச்சு. எஸ்1 துண்டை உளி வச்சுத்தான் பிரிச்சோம். பிரிச்சப்போ பிளைவூட்டோட மேல் தாள் டைல்ஸோட வந்துருச்சு! பசை விடல, மரம்தான் விட்டுச்சு. அன்னைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது.

தம்பியோட அடுக்கு இதுல இருந்து கொஞ்சம் மாறும். அவனுக்கு ஒரு கூடுதல் சிக்கல். விறைப்புக்குத் தடிப்பான மரம் வேணும், சூடு மேல ஏறுறதுக்கு மெல்லிசா இருக்கணும். மரம் சூட்டைக் கடத்துறதுல டைல்ஸை விடப் பல மடங்கு சோம்பேறி. சட்டங்களுக்கு நடுவுல குழாய் போட்டு, அலுமினியத் தகடு வச்சு, 40 டிகிரித் தண்ணியை ஓட விடுறவங்க இருக்காங்க. ஆனா அந்தச் சூடு முழுக்கப் பலகையைத் துளைச்சுத்தான் மேல வரணும். மரமும் காயும், கரண்டும் கரையும்.

அவன் பண்ணினது வேற. மரத்துக்கு மேல சூடு போகாத மெல்லிய தட்டு. அதுக்கு மேல குமிழ் குமிழா இருக்கிற பிளாஸ்டிக் விரிப்பு. அந்தக் குமிழ்களுக்கு நடுவுல சூட்டு வயரை அழுத்திப் பதிச்சு, மேல பசை, மேல டைல்ஸ். சூடு மேல போகுது, மரம் கீழே நிம்மதியா இருக்குது. அந்த விரிப்பு இன்னொரு வேலையும் பார்க்குது. கீழே மரம் அசைஞ்சா, அந்த அசைவை டைல்ஸுக்குக் கடத்தாம தனக்குள்ளேயே வாங்கிக்குது. ஜெர்மனியில ஷ்லூட்டர் கம்பெனி 1980களோட பிற்பகுதியில கொண்டு வந்த யோசனை இது.

வயரைப் போடுறதுக்கு முன்னாடி, போட்ட பிறகு, டைல்ஸ் ஒட்டின பிறகு, ஒவ்வொரு தடவையும் மீற்றர் வச்சு வயரோட தடையை அளந்து எழுதி வச்சான். கரண்டி முனை ஒரு இடத்துல வயரைக் கீறிட்டா, அப்புறம் டைல்ஸை உடைச்சுத்தான் தேடணும்.

எல்லாம் முடிஞ்சதும் சுவிட்சைப் போட ஆசை. நான் போன்லயே தடுத்தேன். "பசை, கிரவுட் எல்லாம் தானா இறுகட்டும்டா. சூட்டைப் போட்டா வெந்து போயிரும். பையில போட்டிருக்கிற நாள் கணக்கை விட ஒரு நாள் கூட வை. அப்புறமும் ஒரு நாளைக்கு அஞ்சு டிகிரிக்கு மேல ஏத்தாதே."

இன்னொண்ணு. ஐரோப்பிய விதிப்படி, ஆள் புழங்குற அறையில தரைச் சூடு 29 டிகிரியைத் தாண்டக் கூடாதாம். நம்ம பேராதனையில ஒரு சாதாரண மத்தியானச் சூடு அது! அவங்க கரண்ட் கட்டணம் கட்டி வாங்குற தரையை, நமக்கு வெயில் சும்மா தருது.

ரெண்டு வீட்டுக்கும் பொதுவான இன்னொரு விஷயம், சுவர் ஓரம். டைல்ஸைச் சுவர் வரைக்கும் இடிச்சு ஒட்டிக் கிரவுட் போடாதீங்க. சுத்தி வர இடைவெளி விட்டு, அதுல சிலிக்கன் வைங்க. மரம் அசையத்தான் போகுது. அதை ஜெயிக்க நினைக்காம, அசைய ஒரு இடம் கொடுத்தா போதும்.

இதை நம்ம ஊருக்கு நான் சொல்லிக் கொடுக்க வேண்டியதே இல்ல. பேராதனையில மகாவலிக்கு மேல, 1833ல ஜோன் பிரேசர் முழுக்க முழுக்க முதிரை மரத்துல ஒரு பாலம் கட்டினாரு. 205 அடி, ஒரே வளைவு, நடுவுல தூண் கிடையாது. மரத்துக்குள்ள மரம் கோர்த்த பாலம். 1905ல அதைக் கழட்டி இரும்புப் பாலம் வைக்கிற வரைக்கும் எழுபது வருஷத்துக்கு மேல மழை, வெள்ளம், வண்டி எல்லாத்தையும் தாங்குச்சு. இந்தப் பக்கம் எம்பெக்கே தேவாலயத்துக்குப் போய்ப் பாருங்க. 14ஆம் நூற்றாண்டு மரவேலை. கூரையில 26 கைமரங்களை ஒரே ஒரு மர ஆப்பு சேர்த்துப் பிடிச்சிருக்கு. மரத்தோட குணத்தை மதிச்சுக் கட்டினவங்க வாழ்ந்த ஊருங்க இது. இங்க வந்து "மரம் நிக்காது"ன்னு சொல்றாங்களே!

அதுக்காக எந்த மரத் தளத்துக்கும் டைல்ஸ் போடுங்கன்னு சொல்லல. கத்தி முனையை வச்சு அழுத்தினா சட்டம் பொதபொதன்னு உள்ளே போகுதா? கறையான் மண் தெரியுதா? சுவருக்குள்ள போற சட்ட முனை கறுத்து ஈரமா இருக்கா? அப்போ அந்தச் சட்டத்தை மாத்தித்தான் ஆகணும். அந்தச் சட்டத்தை மட்டும். ஒரு பல்லு ஆடுதுன்னு தாடையைக் கழட்டுவாங்களா?

கீழே சீலிங் அடிச்சிருந்தா, காத்துப் போக ஒரு வழியும் விடுங்க. மேல தண்ணி புகாத பூச்சு, கீழே மூடின சீலிங், நடுவுல மரம் மூச்சு முட்டினா, எவ்வளவு நல்ல தேக்கும் உளுத்துப் போகும்.

நுவரெலியா, கந்தப்பளை பக்கம் இருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. 1,868 மீற்றர் உயரத்துல, தை மாசப் பனியில, பழைய பங்களாப் பலகைத் தரையில காலை வைக்கிற கஷ்டம் உங்களுக்குத்தான் தெரியும். இந்த நாட்டுல தரைக்கு அடியில சூடு போட நியாயமான ஊரு ஒண்ணு இருந்தா அது உங்க ஊருதான். வீடு முழுக்க வேண்டாம், பாத்ரூம் ஒண்ணுல போட்டுப் பாருங்க. வயர் வகைதான் மரத்துக்கு நல்லது. வயரை இணைக்கிற வேலையைப் படிச்ச எலெக்ட்ரீஷியன் கிட்டயே கொடுங்க. ஈரமான அறை, கசிவு மின்சாரத்தை வெட்டுற டிரிப் சுவிட்ச் இல்லாம செய்யவே கூடாது.

வேலையைத் தொடங்குறதுக்கு முன்னாடி ஒரு கிளாஸ் தண்ணியைத் தரை நடுவுல வச்சு, குதிகாலால ஒரு தட்டுத் தட்டிப் பாருங்க. தளும்பினா முதல்ல தச்சு பாஸைக் கூப்பிடுங்க. டைல்ஸ் பாஸ் அப்புறம் வரட்டும்.